மாநாட்டில் தன்னார்வலர்: ஷிஃப்ட் பட்டியலைக் கையில் வாங்காமல் கிளம்பாதீர்கள்

தொண்டு நிறுவனங்களுக்கான நிதி திரட்டல் மாநாடு ஒன்றில் தன்னார்வலராக வேலை பார்த்துவிட்டு வந்தேன். கால்வலி போய்விட்டது, எரிச்சல் இன்னும் போகவில்லை. ஏற்பாடு உங்களுக்குத் தெரிந்ததுதான். கட்டணம் கட்டி வர வசதியில்லாத சிறிய அமைப்பினர் பாதி நேரம் வேலை செய்து கொடுத்தால், மீதி நேரம் அமர்வுகளில் இலவசமாக உட்காரலாம். விண்ணப்பம், தொலைபேசி நேர்காணல், எங்கள் அமைப்பின் கடிதம் எல்லாம் சுலபமாக முடிந்தன.

கிளம்புவதற்கு முன்பே ஷிஃப்ட் பட்டியல் கேட்டேன். நேரில் வந்ததும் தருகிறோம் என்று பதில். நேரில் போனால், எல்லா நாளும் காலையிலிருந்து மதியம் வரை எனக்குப் பதிவு மேசை. பழைய நன்கொடையாளர்களைத் தக்கவைப்பது பற்றிய அமர்வை விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டுக் கேட்டிருந்தேன். அது சரியாக அந்த நேரத்தில்தான். ஒருங்கிணைப்பாளரிடம் போய்ச் சொன்னால், “எல்லாரும் உள்ளே போய் உட்கார்ந்துட்டா வெளியே யாருங்க நிக்கிறது?” என்றார். நியாயமான கேள்விதான். விண்ணப்பத்தை ஏற்கும்போதே அதைக் கேட்டிருந்தால் நான் வேறு முடிவு எடுத்திருப்பேன். எந்த நாள், எந்த நேரம், என்ன வேலை, எந்த அமர்வுக்கு விடுவார்கள் என்பதெல்லாம் எழுத்தில் வராமல் பயண டிக்கெட் போடாதீர்கள்.

பதிவு மேசை என்றால் பேட்ஜ் எடுத்துக் கொடுக்கும் வேலை என்று நினைப்போம். உண்மையில் அது திட்டு வாங்கும் வேலை. ஒரே அமைப்பிலிருந்து ஐந்தாறு பேருக்கு ஒருவர் மொத்தமாகப் பதிவு செய்திருப்பார். கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் எல்லாருக்கும் அந்த ஒருவர் பெயரே வரும். பேட்ஜும் அப்படியே அச்சாகியிருக்கும். பெயரைத் திருத்தும் அனுமதி தன்னார்வலர் கணினியில் கிடையாது. அனுமதி உள்ளவர் தொடக்க விழா மேடைக்குப் பக்கத்தில் நிற்பார், போனை எடுக்க மாட்டார். வரிசை வாசல் தாண்டிப் போனதும் எல்லாரும் முறைப்பது நம்மைத்தான்.

இந்த மேசையில் மாட்டிக்கொண்டால், கதவு திறப்பதற்கு முன்பே வெற்று பேட்ஜ் ஒரு கட்டும் தடித்த மார்க்கர் பேனாவும் கேட்டு வாங்கி வையுங்கள். பெயர்ச் சிக்கல் உள்ளவர்களை ஓரமாக ஒரு தனி மேசைக்கு அனுப்பிவிடுங்கள். மற்றவர்கள் நகர்ந்துகொண்டிருந்தால் பாதிச் சத்தம் அடங்கிவிடும். நானும் இன்னொரு தன்னார்வலரும் இதை யாரையும் கேட்காமல் செய்தோம். மறுநாள் ஒருங்கிணைப்பாளர் அதையே தன் ஏற்பாடாக எல்லாருக்கும் அறிவித்தார். (பேட்ஜை இரண்டு பக்கமும் அச்சடித்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. கழுத்தில் தொங்குவது எப்போதும் வெற்றுப் பக்கமாகத்தான் திரும்பி நிற்கிறது.)

மறுநாள் ஒரு நல்லது நடந்தது. அரங்கு உதவியாளராக இருந்த ஒருவருக்கு மைக்கைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடப் பிடிக்கவில்லை. இடம் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன், உடனே சம்மதித்தார். மாநாட்டின் மிகச் சிறந்த தன்னார்வ வேலை இதுதான். தலை எண்ண வேண்டும், ‘5 நிமிடம்’ அட்டையைப் பேச்சாளருக்குக் காட்ட வேண்டும், கேள்வி கேட்பவரிடம் மைக் நீட்ட வேண்டும். மற்றபடி முழு அமர்வும் காதில் விழும். விண்ணப்பத்தில் விருப்ப வேலை கேட்டால் யோசிக்காமல் இதை எழுதுங்கள்.

அங்கே கேட்ட ஒரு விஷயத்துக்காகவே போனது வீண் இல்லை என்று சொல்வேன். திரட்டும் தொகையில் இத்தனை சதவீதம் கமிஷன் என்று ஆள் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். எங்கள் நிர்வாகக் குழுவிலும் இதே யோசனை ஓடிக்கொண்டிருந்ததால் மைக்கைக் கொஞ்சம் அதிக நேரம் அவரிடமே விட்டுவைத்தேன். அமெரிக்காவின் நிதி திரட்டும் தொழில்முறையாளர் சங்கத்தின் நெறிமுறை அதைத் தடுக்கிறது என்றார் பேச்சாளர். கமிஷனுக்கு வேலை செய்பவர் இன்றைய காசோலையைப் பார்ப்பார், நன்கொடையாளரின் விருப்பத்தைப் பார்க்க மாட்டார் என்பதே காரணம். அதே சங்கம் வேறு சில அமைப்புகளோடு சேர்ந்து 1993இல் வெளியிட்ட நன்கொடையாளர் உரிமைச் சாசனத்தையும் காட்டினார். கொடுத்த காரியத்துக்கே பணம் செலவாகும் என்ற உறுதியும், தகுந்த நன்றியும் அங்கீகாரமும் பெறுவது கொடுப்பவரின் உரிமை என்கிறது அது. குழுவின் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துச் சொன்னேன். கமிஷன் பேச்சு அதோடு நின்றது.

தவறவிட்ட அமர்வைப் பதிவில் பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையும் உடைந்தது. காணொளிகள் கட்டணம் செலுத்தியவர்களுக்கு மட்டுமாம். இதையும் முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. தேநீர் இடைவேளையில் நான் தவறவிட்ட அமர்வின் பேச்சாளரையே பிடித்து விஷயத்தைச் சொன்னேன். அன்று இரவே தன் ஸ்லைடுகளை அனுப்பிவிட்டார். அமைப்பாளர்களிடம் மன்றாடுவதைவிட இது எளிது.

கடைசித் தலைவலி பயணப்படி. எங்கள் அமைப்பிலிருந்து சேர்ந்து போன இருவருக்கும் டிக்கெட் ஒரே பதிவில் இருந்தது. ஆளுக்கு ஒரு ரசீது வேண்டும் என்று மாநாட்டின் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பியது. டிக்கெட் நிறுவனத்திடம் கெஞ்சித் தனித்தனியாக வாங்கி அனுப்பினால், உரிமைக்கோரல் படிவத்தில் பொறுப்பாளர் கையெழுத்து இல்லையாம். அந்தப் பொறுப்பாளரோ மாநாடு முடிந்த கையோடு நீண்ட விடுப்பில் போய்விட்டார். நன்கொடை கொடுத்தவருக்கு இரண்டு நாளுக்குள் நன்றி சொல்லுங்கள் என்று அமர்வுக்கு அமர்வு போதித்த இடத்திலிருந்து, உழைப்பைக் கொடுத்தவரின் மின்னஞ்சலுக்குப் பதில் வர வாரக்கணக்கில் ஆனது.

பணம் ஒருவழியாக வந்தது, உள்ளூர்ப் பயணச் செலவைக் கழித்துக்கொண்டு. அந்தச் சிறிய ரசீதுகளின் எழுத்து மங்கிப்போய்விட்டதாம். வெப்பத்தில் அச்சாகும் அந்தத் தாள் அப்படித்தான், சீக்கிரம் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். கையெழுத்தையும் கிளம்புவதற்கு முன் அங்கேயே வாங்கிவிடுங்கள்.