பாதியில் விட்ட ஆட்டங்களுக்குத் திரும்பியபோது

ஒரு வீடியோ கேமைப் பாதியில் விட்டு நெடுநாள் கழித்துத் திறந்தால், கதாபாத்திரத்தின் லெவல், பையில் உள்ள மருந்துகள், திறந்துவைத்த கதவுகள் எல்லாம் விட்ட இடத்தில் விட்டபடியே இருக்கும். எந்த பட்டன் எதற்கு, அடுத்து எங்கே போக நினைத்திருந்தோம், அந்தப் பொருளை ஏன் விற்காமல் வைத்திருந்தோம் என்பவை மட்டும் எந்த சேவ் கோப்பிலும் இருக்காது. இப்படிப் பாதியில் நிற்கும் ஆட்டங்கள் என்னிடம் கணிசமாகச் சேர்ந்துவிட்டதால், புதிதாக எதையும் தொடங்காமல் அவற்றை ஒவ்வொன்றாக மீண்டும் எடுத்தேன். முதலிலிருந்து தொடங்கக் கூடாது, இணையத்தில் வழி தேடக் கூடாது என்று எனக்கு நானே இரண்டு நிபந்தனைகள் விதித்துக்கொண்டேன். ஆட்டம் தானாக என்ன நினைவூட்டுகிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு தொடர முடிகிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம்.

முதலில் எடுத்தது 2015இல் வெளிவந்த தி விட்சர் 3. சேவ் கோப்பு ஏற்றப்படும் நேரத்தில் திரையில் ஓவியங்கள் நகர, கதாநாயகன் கெரால்ட்டின் பாணர் நண்பன் டாண்டிலியனின் குரல் இதுவரை நடந்ததைச் சொல்கிறது. க்வெஸ்ட் (ஆட்டம் தரும் பணி) குறிப்புகளும் அவனே எழுதிவைத்தவை போல அமைந்திருப்பதால், அவற்றைப் படிப்பது வேலைப் பட்டியலைப் புரட்டுவதுபோல் இல்லாமல் கதை கேட்பதுபோலவே இருக்கிறது. யார் யாரைத் தேடுகிறார்கள் என்பது விரைவிலேயே பிடிபட்டுவிட்டது. பிறகு பையைத் திறந்தேன். வாளில் பூசும் எண்ணெய்கள், கஷாயங்கள், மூலிகைகள், எப்போதோ கொன்ற மிருகங்களின் உறுப்புகள் என்று அடுக்கடுக்காக இருந்தவற்றில் எதை எதற்காகச் சேர்த்தேன் என்று சொல்ல ஒருவரும் இல்லை. சண்டையில் நெருப்பு மந்திரமான இக்னியை மனம் கேட்டது. விரல் தற்காப்பு மந்திரமான க்வெனைக் கொடுத்தது. கதை, காரணம், கை ஆகிய மூன்றும் தனித்தனியாக மறந்துபோகின்றன என்பதும், பெரும்பாலான ஆட்டங்கள் அவற்றில் கதையை மட்டுமே நினைவூட்டுகின்றன என்பதும் இந்த இடத்திலேயே தெரியத் தொடங்கியது. இத்தனைக்கும் 2004இல் வந்த போக்கிமான் ஃபயர்ரெட், சேவ் கோப்பைத் திறந்ததும் ஆடுபவர் கடைசியாகச் செய்த சில காரியங்களை வண்ணம் நீங்கிய காட்சிகளாக ஓட்டிக் காட்டியது. அது கதைச் சுருக்கம் அல்ல, ஆடியவரின் சுவடு. அந்த உத்தியைப் பின்னால் வந்தவர்கள் ஏன் பரவலாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு இன்றுவரை புரியாத ஒன்று.

ஹாலோ நைட் இதற்கு நேர் எதிர். 2017இல் வெளிவந்த இந்த ஆட்டத்தில் க்வெஸ்ட் பட்டியல் என்று எதுவும் கிடையாது. வரைபடம்கூடச் சும்மா கிடைக்காது. ஒவ்வொரு பகுதியிலும் எங்கோ ஒரு மூலையில் முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருக்கும் வரைபடக்காரன் கார்னிஃபரைத் தேடிப் பிடித்து வாங்க வேண்டும். அதில் புதிய இடங்கள் சேர வேண்டுமானால் அவன் மனைவி இசெல்டாவின் கடையில் இறகுப் பேனாவும் வாங்கியிருக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு பெஞ்சில் போய் அமர்ந்தால்தான் நடந்த வழி வரைபடத்தில் ஏறும். முதன்முறை ஆடும்போது இந்தக் கறார்த்தனம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது, ஏனெனில் பாதையை மனத்தில் வைத்திருப்பதே ஆட்டத்தின் பாதி இன்பம். திரும்பி வருபவருக்கோ அந்தப் பாதி இன்பம்தான் முழுத் தடையாகிறது. இசெல்டாவிடம் குறிகளும் விற்பனைக்கு உண்டு. நானும் வரைபடம் முழுவதும் குத்திவைத்திருந்தேன். ஆனால் அவற்றில் எழுத்துக்கு இடமில்லாததால், ஒரு குறி நிற்கும் இடம் பூட்டிய கதவா, எட்டாத மேடையா, பிறகு பார்க்கலாம் என்று விட்ட எதிரியா என்பது அங்கே போய்ப் பார்த்தால்தான் தெரிகிறது. எனக்குக் கைகொடுத்தவை வரைபடத்தின் மூடாத ஓரங்கள். அறையின் கோடு எங்கே திறந்தபடி முடிகிறதோ அங்கே இன்னும் போகவில்லை என்று பொருள். சிட்டி ஆஃப் டியர்ஸ் என்ற பகுதியின் ஓயாத மழையில் அந்த ஓரங்களை வரிசையாகப் பிடித்துக்கொண்டு போனதில், நான் தேடிக்கொண்டிருந்தது எது என்று தெரியாமலேயே அது கிடைத்துவிட்டது. மெதுவான வழிதான் என்றாலும் இந்த ஆட்டத்தின் குணத்துக்குப் பொருந்திய வழி.

அவுட்டர் வைல்ட்ஸ் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மோபியஸ் டிஜிட்டல் உருவாக்கி 2019இல் வெளிவந்த இந்த ஆட்டத்தில் 22 நிமிடங்களுக்கு ஒருமுறை சூரியன் வெடித்து, எல்லாம் மறுபடியும் சொந்தக் கோளான டிம்பர் ஹார்த்தின் நெருப்பருகே தொடங்கும். லெவல் இல்லை, புதிய ஆயுதம் இல்லை. ஆடுபவர் சேர்ப்பது அறிவை மட்டுமே. அப்படியானால் நெடுநாள் கழித்துத் திரும்புபவருக்கு எல்லாமே தொலைந்திருக்க வேண்டும் அல்லவா? நடந்தது வேறு. நம் விண்கப்பலில் இருக்கும் பதிவேடு, கண்டறிந்த செய்திகளை அட்டைகளாகவும் அவற்றுக்கு இடையிலான தொடர்பைக் கோடுகளாகவும் காட்டுகிறது. எந்தச் செய்தி எங்கிருந்து எதை நோக்கிக் கைகாட்டியது என்பது அந்தக் கோட்டிலேயே இருக்கிறது. ஓரிடத்தில் பார்க்க வேண்டியது மிச்சம் இருந்தால் அதையும் அட்டை சொல்லிவிடுகிறது. ஆக, நான் இழந்திருந்த காரணங்களை இங்கே ஆட்டமே பத்திரமாக வைத்திருந்தது. அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு சுற்றும் முதலிலிருந்தே தொடங்குவதால் ‘நடுவில் வந்து மாட்டிக்கொள்வது’ என்ற நிலையே இதில் ஏற்படுவதில்லை. இரட்டைக் கோள்களில் ஆஷ் ட்வினிலிருந்து எம்பர் ட்வினுக்கு மணல் வழிந்து குகைகளை நிரப்பிக்கொண்டே போகும் என்பதால், எங்கே முதலில் இறங்குவது என்று மட்டும் முடிவு செய்தால் போதும்.

கப்பலை ஓட்டுவது வேறு விஷயம். உந்துவிசையை நிறுத்தினாலும் கப்பல் நிற்காது; இறங்கப்போகும் கோளின் வேகத்தோடு நம் வேகத்தைப் பொருத்தும் பட்டனை நினைவுபடுத்திக்கொள்ளும்வரை தரையில் மோதிக்கொண்டிருந்தேன். தானியங்கி ஓட்டத்தை நம்பலாம் என்றால், அது புறப்படும் இடத்துக்கும் சேரும் இடத்துக்கும் நடுவே சூரியன் குறுக்கிட்டால் விலகிப் போகாது. ஆனாலும் இந்தச் சாவுகளுக்கு விலை இல்லை, பதிவேட்டில் ஏறியது அழிவதும் இல்லை. நான் எடுத்தவற்றில் திரும்பி வருபவரை மிக நன்றாக வரவேற்ற ஆட்டம் இதுதான்.

இதே எதிர்பார்ப்போடு ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்னைத் திறந்தேன். லூகாஸ் போப் 2018இல் வெளியிட்ட இந்த ஆட்டத்தில், 1807இல் ஆளில்லாமல் கரை சேர்ந்த கப்பலில் இருந்த 60 பேரின் பெயரையும் கதியையும் ஒரு புத்தகத்தில் நிரப்ப வேண்டும். மூவரின் விவரம் சரியாக அமைந்ததும் அவை உறுதியாகி, கையெழுத்து அச்செழுத்தாக மாறும். எல்லாமே புத்தகத்தில் இருக்கும்போது மறப்பதற்கு என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் புத்தகத்தில் முடிவு எழுத இடமுண்டு, அந்த முடிவுக்கு எப்படி வந்தோம் என்பதற்கு இடமில்லை. ஒரு மாலுமியின் பெயர் கையெழுத்தில் நிற்கிறது. அதை நான் தர்க்கமாகக் கண்டுபிடித்தேனா, மற்ற இருவர் சரியாகிறார்களா என்று பார்க்கச் சும்மா இட்டு நிரப்பினேனா? இரண்டும் ஒரே மையில்தான் இருக்கின்றன. உறுதியாகாத பெயர்களை எல்லாம் அழித்துவிட்டு, தெளிவாகத் தெரியும் முகங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடியும் கப்பலைச் சுற்றி வந்தேன். போதிய தடயம் கிடைக்காதவரை முகம் மங்கலாகவே இருக்கும் என்பது இங்கே பெரிய உதவி. உறைந்து நிற்கும் காட்சிகளை இரண்டாம் முறை பார்க்கும்போது இறந்தவரைவிட ஓரத்தில் நிற்பவர்களைப் பார்க்கக் கற்றுக்கொள்கிறோம் என்பதால், இந்த மறுசுற்று வீணாகவும் போகவில்லை.

ஸ்லே தி ஸ்பையரில் சொல்ல அதிகம் இல்லை. எதிரி அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பது அவன் தலைக்கு மேலேயே தெரிகிறது, கையில் உள்ள ஒவ்வொரு சீட்டிலும் அதன் வேலை எழுதியிருக்கிறது. பாதியில் நின்ற ஓட்டம் தோற்றாலும் அடுத்தது புதிதாகவே தொடங்குகிறது. மறதியால் நஷ்டமில்லாத ஆட்டம்.

கையின் மறதிக்குச் சரியான மருந்து வைத்திருப்பது செலஸ்ட். 2018இல் வந்த இந்த மலையேற்ற ஆட்டத்தில் குதிப்பது, சுவரைப் பற்றுவது, காற்றில் ஒருமுறை பாய்வது என மூன்றே செயல்கள். பாய்ச்சல் மிச்சமிருக்கிறதா என்று திரையின் மூலையில் எண் பார்க்க வேண்டியதில்லை. நாயகி மேடலைனின் கூந்தல் சிவப்பாக இருந்தால் இருக்கிறது, நீலமாகிவிட்டால் தீர்ந்தது. கண் எங்கே இருக்கிறதோ அங்கேயே செய்தியும் இருப்பதால், விதி நினைவுக்கு வரும் முன்பே விரல் அதன்படி நடக்கத் தொடங்குகிறது. நான் விட்டிருந்தது ஆறாம் அத்தியாயத்தின் நடுவில். தடுமாற்றம் அதிகமாகவே இருந்தது. உதவி முறையில் ஆட்டத்தின் வேகத்தைப் பத்துப் பத்து சதவீதமாக 50 சதவீதம்வரை குறைக்கலாம். 80க்கு இறக்கிச் சில அறைகளைக் கடந்து, விரல் சூடேறியதும் 100க்கு ஏற்றிக்கொண்டேன். அதை ஏமாற்றுவேலை என்று சொல்பவர்கள் உண்டு. இசைக்கருவி பயில்பவர் கடினமான பகுதியை மெதுவாக வாசித்துப் பார்ப்பதை யாரும் ஏமாற்று என்பதில்லை. ஏழாம் அத்தியாயமான உச்சியேற்றம், முந்தைய அத்தியாயங்களின் பொறிகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவருகிறது. விட்டுவிட்டு வந்த எனக்கு அது தானாகவே ஒரு மறுபயிற்சியாக அமைந்தது.

எல்டன் ரிங்கில் அத்தகைய சலுகை எதுவும் இல்லை. 2022இல் வந்த இந்த ஆட்டத்தில் உயர்ந்த லெவலும் நன்கு தீட்டிய வாளும் எனக்காகக் காத்திருந்தன. உருண்டு தப்பும் நேரக்கணக்குதான் என்னிடம் இல்லை. வலிமையான உடலுக்குள் கற்றுக்குட்டியாக நிற்பது விசித்திரமான அனுபவம். கிரேஸ் எனப்படும் இளைப்பாறும் தலங்களிலிருந்து கிளம்பும் பொன்னொளிக் கீற்று முக்கியப் பாதையின் திசையைக் காட்டுகிறது என்பதால் கதை தொலையவில்லை. ஆனால் வழியில் சந்தித்தவர்கள் சொன்னது எதுவும் எங்கும் பதிவாவதில்லை. யாரிடம் எதைக் கொடுப்பதாக ஏற்றுக்கொண்டேன் என்பது அவர்களுக்கு நினைவிருக்கும், எனக்கில்லை. பின்னாளில் வந்த ஒரு புதுப்பிப்பு, சந்தித்தவர்களின் இடத்தையும் பெயரையும் வரைபடத்தில் சேர்த்தது நல்ல காரியம். ஆட்டத்தின் மர்மம் அதனால் குறைந்ததாக நான் நினைக்கவில்லை. ஆரம்பப் பகுதியான லிம்கிரேவுக்கே திரும்பிப்போய், தொடக்கத்தில் என்னை விரட்டிய எதிரிகளோடு சண்டையிட்டுக் கையைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன். இது இன்னும் முடியவில்லை.

ஸ்டார்டூ வேலியில் நாளின் இறுதியில் உறங்கினால்தான் ஆட்டம் சேமிக்கப்படும். ஆகவே எவ்வளவு காலம் கழித்துத் திறந்தாலும் காலை 6 மணிக்குப் படுக்கையிலிருந்தே எழுகிறோம், பயிர்கள் விட்டபடி நிற்கின்றன. அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ் உண்மையான கடிகாரத்தோடு ஓடுவது. நீண்ட காலம் எட்டிப் பார்க்காவிட்டால் தீவில் களை மண்டும், வீட்டில் கரப்பான்பூச்சி ஓடும், கண்ணாடியில் பார்த்தால் தலைமுடிகூடக் கலைந்திருக்கும். வேடிக்கையாகச் செய்ததுதான் என்றாலும், களை பறித்து முடிப்பதற்குள் மறுபடியும் விட்டுவிடலாமா என்று தோன்றிவிட்டது.

கடைசியாக ஃபாக்டோரியோ. 2020இல் முழுப் பதிப்பாக வந்த இந்தத் தொழிற்சாலை ஆட்டத்தைத் திறந்தபோது, யாரோ கட்டிவிட்டுப் போன ஆலைக்குள் மேற்பார்வைக்கு வந்தவனைப்போல நின்றேன். ஒரே மாதிரியான நூற்றுக்கணக்கான இயந்திரங்கள், எங்கெங்கோ போகும் பட்டைகள். ஆல்ட் விசை இங்கே உயிர் காக்கிறது: அதை அழுத்தியதும் ஒவ்வொரு இயந்திரத்தின் மேலும் அது தயாரிக்கும் பொருளின் படம் தோன்றி, ஆலை முழுவதும் படிக்கக்கூடிய ஒன்றாகிவிடுகிறது. ஆய்வகங்களில் நீல அறிவியல் பொதி வராமல் வேலை நின்றிருந்தது. அதற்கு மேம்பட்ட சர்க்யூட் தேவை. சர்க்யூட்டுக்குப் பிளாஸ்டிக் வரவில்லை. பிளாஸ்டிக்குக்கு நிலக்கரி இருந்தும் பெட்ரோலிய வாயு இல்லை. வாயு இல்லாததற்குக் காரணம் கச்சா எண்ணெய்த் தட்டுப்பாடு என்று நினைத்தால், சுத்திகரிப்பு ஆலைமேல் சுட்டியை வைத்ததும் விளைபொருள் நிரம்பிவிட்டதால் நிற்கிறது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டது. கன எண்ணெய்த் தொட்டி விளிம்புவரை நிரம்பியிருந்தது. மேம்பட்ட சுத்திகரிப்பில் மூன்று எண்ணெய்களும் சேர்ந்தே வெளிவரும் என்பதால், ஒன்றுக்குப் போக்கிடம் இல்லையென்றால் மற்ற இரண்டும் நின்றுபோகும். கன எண்ணெயை இலகு எண்ணெயாகவும், அதை வாயுவாகவும் பிளக்கும் இரசாயன ஆலைகளை அமைத்துத் தண்ணீர்க் குழாயை இழுத்ததும், சங்கிலி முழுவதும் பின்னிருந்து முன்னாக உயிர்பெற்றது.

இந்த ஆட்டத்தில் எனக்கு எந்தக் கதையும் தேவைப்படவில்லை, விரல் வேகமும் தேவைப்படவில்லை. காரணம் மட்டும்தான் தொலைந்திருந்தது. அது ஒவ்வொரு இயந்திரத்தின் நிலையிலும் எழுதியிருந்தது. வரைபடத்தில் குறி வைக்கும்போது பக்கத்தில் எழுத்தும் சேர்க்கலாம் என்பது ஹாலோ நைட்டில் நான் ஏங்கிய வசதி. ‘இந்தச் சுவரை இடிக்காதே, கீழே மின்கம்பம்’ என்ற அளவுக்கு இப்போது எழுதிவைக்கிறேன். உலை வரிசைக்கு வரும் தாமிரம் குறைந்துகொண்டே போகிறது. அடுத்த பெரிய தாதுத் திட்டு மேற்கே, பைட்டர் என்ற எதிரிப் பூச்சிகளின் கூடுகளுக்கு அப்பால் இருக்கிறது. ‘தாமிரம், முதலில் கூடுகள், பிறகு ரயில் தடம்’ என்று அங்கே ஒரு குறி போட்டிருக்கிறேன்.