ஜனவரி தமிழ் மாதமும் அமெரிக்க சபையோட ஒரு விதியும்

2025 பொங்கல் சமயத்துல எங்க தமிழ்ப் பள்ளி வாட்ஸ்அப் குரூப்ல ஒரு ஃபார்வர்ட், "அமெரிக்கா ஜனவரியை தமிழ் மொழி, பாரம்பரிய மாதமா அறிவிச்சாச்சு"ன்னு. அரை மணி நேரத்துல ஊர்ல இருந்து அம்மா போன், "ஏன்டா, அங்க நமக்குன்னு ஒரு மாசமே குடுத்துட்டாங்களாமே". அந்தக் குரல்ல இருந்த சந்தோஷத்தைக் கேட்டப்புறம் இல்லம்மா அது அப்படி இல்லன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

நடந்தது என்னன்னா இல்லினாய்ஸ் உறுப்பினர் ராஜா கிருஷ்ணமூர்த்தி, அமெரிக்க நாடாளுமன்றத்தோட கீழ்சபையான பிரதிநிதிகள் சபைல ஒரு தீர்மானம் தாக்கல் பண்ணார், ரெண்டு கட்சிக்காரங்களும் சேர்ந்து கையெழுத்து போட்டிருந்தாங்க. தாக்கல் ஆகறது வேற, நிறைவேறறது வேற. அதுக்கும் மேல, நிறைவேறினாலும் இது சட்டம் ஆகாது, ஏன்னா இது அந்த ஒரு சபையோட தீர்மானம் மட்டும்தான், சட்டமா கொண்டு வரலாம்னா சபையோட 12வது விதி, 5வது பிரிவு குறுக்க நிக்குது. ஒரு நாளையோ வாரத்தையோ மாசத்தையோ குறிச்சு "இது இன்னாருக்கான நாள்"னு நினைவுகூர்ற, கொண்டாடற, அங்கீகரிக்கற மசோதாவோ தீர்மானமோ சபைல தாக்கல் பண்ணவும் கூடாது, எடுத்துக்கவும் கூடாது, திருத்தமா சொருகவும் கூடாது. 1995 ஜனவரில, கிங்ரிச் சபாநாயகரா வந்த கையோட போட்ட விதி.

போட்டதுக்குக் காரணம் இருந்துச்சு, அதை மறைச்சுப் பேசக்கூடாது. 1980கள் நடுவுல காங்கிரஸ்ங்கற அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேத்தின சட்டங்கள்ல மூணுல ஒண்ணு இந்த மாதிரி நாள், வாரம் அறிவிக்கறதுதான். 1984ல ஜூலை மாசத்தையே ஐஸ்கிரீம் மாதம்னு அறிவிச்சு ஜனாதிபதி ரீகன் கையெழுத்து போட்டார். இந்த மாதிரி மசோதாவை அப்பல்லாம் கமிட்டி எடுத்துக்கணும்னாலே 435 பேர்ல 218 பேர் கையெழுத்து வேணும், அதனால உறுப்பினர்களோட ஆபீஸ் ஆளுங்க பேப்பரைத் தூக்கிட்டு ரூம் ரூமா அலைஞ்சாங்க, பட்ஜெட் பார்க்க வேண்டிய நேரம் இதுல போச்சு.

ஆனா எனக்கு வலிக்கற இடம் வேற. மே மாசம் ஆசிய அமெரிக்கர் பாரம்பரிய மாதம்னு ஸ்கூல்ல எல்லாம் கொண்டாடறோம்ல, அது 1978ல ஒரு வாரத்துக்கான தீர்மானமாத்தான் ஆரம்பிச்சுது. மே மாசம் ஏன்னா 1843 மே 7ல முதல் ஜப்பானியர் வந்து இறங்கினதும், சீனத் தொழிலாளர்கள் உயிரைக் குடுத்துப் போட்ட ரயில் பாதை 1869 மே 10ல முடிஞ்சதும் அதுல வருது. 1992ல நிரந்தரச் சட்டமாச்சு. கறுப்பின வரலாற்று மாதத்துக்கும் பெண்கள் வரலாற்று மாதத்துக்கும் 80கள்லயே சட்டம் வந்தாச்சு. எல்லாம் 95க்கு முன்னாடி. அதுக்கப்புறம் கூட்டமா வந்து சேர்ந்த நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அந்தக் கதவு சாத்திருக்கு. ஐஸ்கிரீம் மாதத்துக்காகப் போட்ட பூட்டு ஒரு சமூகத்தோட வரலாற்றுக்கும் சேர்த்து விழுந்தது நியாயம்னு எனக்குத் தோணல.

அதனாலதான் இப்ப வர்ற தீர்மானங்கள்ல சுத்தி வளைச்ச வார்த்தைகள். "அறிவிக்கிறோம்"னு எழுத மாட்டாங்க, "அறிவிப்பதை ஆதரிக்கிறோம்", "இதன் நோக்கங்களை ஆதரிக்கிறோம்", இல்லன்னா "ஜனாதிபதி அறிவிக்கணும்னு கேட்டுக்கறோம்". யூத அமெரிக்கர் பாரம்பரிய மாதம் 2006ல இந்த மூணாவது வழிலதான் வந்துச்சு. 2007ல தீபாவளித் தீர்மானம் 358-0ன்னு ஜெயிச்சுது, அதுவும் அந்தப் பண்டிகையோட சிறப்பை அங்கீகரிச்சுதே தவிர எந்த நாளையும் ஒதுக்கல. மேல்சபையான செனட்ல இந்தத் தடையே கிடையாது. மாநிலங்கள் கதையும் வேற, வர்ஜீனியா சட்டசபை 2017லயே ஜனவரி 14ஐ பொங்கல் நாளா ஏத்துக்கிச்சு. கனடால 2016 அக்டோபர்ல, கேரி ஆனந்தசங்கரி கொண்டு வந்த தீர்மானத்தை கீழ்சபை மொத்தமா ஆதரிச்சு ஜனவரியை தமிழ் மரபுத் திங்களா ஏத்துக்கிச்சு, அங்க ஈழத்துல இருந்து போனவங்க வருஷக்கணக்கா பாடுபட்டதோட பலன் அது.

அம்மாகிட்ட அப்புறம் பொறுமையா சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல, "அப்ப கேட்டிருக்காங்க, இன்னும் குடுக்கல, அவ்வளவுதானே"ன்னாங்க. ஆமாம்மா, அவ்வளவுதான். இந்தக் காங்கிரஸ் 2027 ஜனவரி ஆரம்பத்துல முடியுது, அதுக்குள்ள ஓட்டுக்கு வராத தீர்மானம் எல்லாம் காலாவதி, மறுபடி முதல்ல இருந்து தாக்கல் பண்ணணும். எங்க தொகுதி உறுப்பினரோட ஆபீஸ் நம்பரை போன்ல சேவ் பண்ணி வச்சிருக்கேன், அவர் கையெழுத்தும் அதுல வேணும்னு கேட்கப் போறேன்.