நானூறு பீச் கன்றுகள்

மே 4, சனி

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், லிங்கன் நகரிலிருந்து தெற்கே 40 மைல் போல ஓட்டி, பியாட்ரிஸ் ஊருக்கு வெளியே இருக்கும் ஹோம்ஸ்டெட் பூங்காவுக்குப் போனோம். இங்கே வந்திருக்கும் அம்மாவும் கூட வந்தார். வண்டி நிறுத்துமிடம் சரியாக 1 ஏக்கர் இருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியைப் பார்த்தேன். இதைப் போல 160 மடங்கு நிலம் டேனியல் ஃபிரீமேன் என்ற ஒரே ஆளுக்குக் கிடைத்தது. குடியேறிப் பயிர் செய்பவர்களுக்கு அரசு நிலத்தை இலவசமாகக் கொடுக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன் 1862 மே மாதம் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம், 1863 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கே பிரவுன்வில் நில அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டார் மனிதர். நள்ளிரவு தாண்டியதும் அலுவலகத்தைத் திறக்க வைத்தார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, தேதி பதிவில் இருக்கிறது.

மே 5, ஞாயிறு

நேற்றிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருப்பது ஃபிரீமேன் பட்டா வாங்கக் காட்டிய சான்று. 5 ஆண்டுகள் குடியிருந்து பயிர் செய்திருக்க வேண்டும். அதற்கு அக்கம்பக்கத்தார் இருவர் சாட்சி சொல்ல வேண்டும். 1868 ஜனவரியில் சொன்னார்கள்: பாதி மரக்கட்டைகளாலும் பாதி பலகையாலும் கட்டிய வீடு, 14க்கு 20 அடி. இரண்டு கதவு, இரண்டு ஜன்னல், பலகைத் தரை. உழுது வேலி போட்ட நிலம் 35 ஏக்கர். 100 அடி நீள ஆட்டுக் கொட்டகை, ஒரு தொழுவம், சோளம் சேமிக்கும் களஞ்சியம். 40 ஆப்பிள் மரங்கள், சுமார் 400 பீச் மரங்கள்.

வாசித்துக் காட்டியதும் அம்மா கேட்டார்: “நானூறு கன்னுக்கும் தண்ணி ஊத்துனது யாரு?”

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. டேப்பை எடுத்து எங்கள் ஹாலில் 14க்கு 20 அளந்தேன். சோபாவும் சாப்பாட்டு மேசையும் போட்டாலே நிறைந்துவிடும் இடம்.

மே 11, சனி

அம்மாவின் கேள்விக்காகத்தான் இந்த வாரம் முழுக்க டேனியலின் மனைவி ஆக்னஸைப் பற்றித் தேடினேன். அயோவாவின் லெக்லேர் ஊர்ப் பெண், ஆக்னஸ் சூட்டர். முதலில் அவளுக்கு நிச்சயமானது டேனியலின் சகோதரரோடு. அவர் உள்நாட்டுப் போரில் இறந்துபோனார். அப்புறம் டேனியல் கடிதம் எழுத ஆரம்பித்தார். 1865 பிப்ரவரியில் கல்யாணம். அதாவது மனு கொடுத்து இரண்டு வருடம் கழித்து அவள் வருகிறாள். சாட்சிகள் எண்ணிச் சொன்ன மரங்களில் பாதிக்காவது அவள் கைத் தண்ணீர் போயிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

இதில் எனக்கு ஆறவே இல்லாத ஒன்று: 21 வயதான கல்யாணமாகாத பெண் அந்தச் சட்டப்படி தன் பெயரிலேயே நிலம் கேட்கலாம். விதவையும் கேட்கலாம். கணவனோடு வாழும் மனைவி கேட்க முடியாது. ஆக்னஸ் எவ்வளவு உழைத்திருந்தாலும் பட்டாவில் ஒரே பெயர்தான்.

மே 12, ஞாயிறு

மழை. எங்கும் போகவில்லை.

அந்த மண்ணில் ஃபிரீமேனுக்கு முன்னால் ஓட்டோ-மிசௌரியா என்ற பூர்வகுடி மக்கள் இருந்தார்கள். அமெரிக்க அரசோடு செய்த 1854 ஒப்பந்தத்தில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்து, பிக் புளூ ஆற்றோரம் சிறு நிலத்துக்குள் ஒடுங்கினார்கள். 1880களின் தொடக்கத்தில் அங்கிருந்தும் ஓக்லஹோமா பக்கம் போக வேண்டியதாயிற்று. ‘இலவச நிலம்’ என்று எழுதும்போது இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

மே 19, ஞாயிறு

மறுபடியும் போனோம். டேனியல் பிடிவாதக்காரர். பக்கத்துப் பள்ளியில் பைபிள் வாசிப்பதை எதிர்த்து வழக்குப் போட்டு, 1902இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். 1908 டிசம்பரில் காலமானார். ஆக்னஸ் 1931 வரை இருந்தாள். 1936இல்தான் இந்த இடம் தேசிய நினைவிடமானது. இருவரையும் அந்த நிலத்திலேயே புதைத்திருக்கிறார்கள்.

அம்மா கொஞ்ச நேரம் நின்றார். கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலில் மிச்சம் இருந்ததைப் புல்லில் ஊற்றிவிட்டு, “சரி, போலாம்” என்றார்.