கூட்டின் வாய்

எங்கள் வீட்டுத் திண்ணையில் மீன் பிடிக்கிற கூடு ஒன்று தொங்குகிறது. என் ஐயா முடைந்தது. ஐயா என்றால் அப்பாவைப் பெற்றவர். எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவில், அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில் எங்கள் ஊர். ஐயா போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது. அவர் முடைந்த மற்ற கூடுகளெல்லாம் கடலில் ஊறி, சில மாதங்களில் இற்றுப்போயின. இது மட்டும் கடலைப் பார்க்கவே இல்லை. அதனால் தங்கிவிட்டது.

எனக்காகத்தான் இதை முடைந்தார். ஓவியக் கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கும்போது, "அவரவர் ஊரிலிருந்து ஒரு வடிவம் கொண்டு வாருங்கள், அதை வைத்துப் பேசலாம்" என்றார்கள். ஒருத்தி சுடுமண் குதிரை கொண்டு வந்தாள். ஒருவன் தன் அப்பத்தா காதில் போட்டிருந்த தண்டட்டியைத் துணியில் முடிந்து எடுத்து வந்தான். நான் ஊருக்கு வந்து ஐயாவிடம் கேட்டேன். "கூடு எதுக்கு தாயி பட்டணத்துக்கு? அங்க என்ன பாரா கெடக்கு?" என்றார். பார் என்றால் கடலுக்கடியில் இருக்கிற பாறைத் திட்டு. ஆனால் மறுநாள் விடியும்போது கம்பு வெட்டி ஊறப்போட்டிருந்தார்.

அவர் கூடு முடைவதை அதற்கு முன் நூறு தடவையாவது பார்த்திருப்பேன். உட்கார்ந்து கவனித்தது அப்போதுதான். உடைமரக் கம்பைக் கீறிச் சிம்பு சிம்பாக எடுத்து, பனைமட்டை நாரால் கட்டிக் கட்டிக் கொண்டு போவார். அளவுகோல் கிடையாது. சிம்புகளுக்கு நடுவே விழும் துளையைக் கண் என்போம். கண் ஒவ்வொன்றிலும் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நுழைத்துப் பார்ப்பார். நுழைந்தால் சரி. "குஞ்சு வெளிய போகணும்ல" என்பார். உடம்பு முடிந்த பிறகுதான் வாய். வாய்க்கு மட்டும் தனியாக ஒரு நாள். அன்றைக்கு யாரோடும் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டார்.

வாய் என்பது புனல் மாதிரி. வெளியே அகலம், உள்ளே போகப் போகக் குறுகல். உள்பக்கம் வரும் சிம்புகளின் நுனியைக் கட்டாமல், லேசாகக் கீழே வளைத்து விட்டுவிடுவார். மீன் நுழையும்போது சிம்பு விலகிக் கொடுக்கும். திரும்பி வந்தால் நுனி குத்தும். ஆனால் பெரிய சூட்சுமம் அதில்லை. வாய் இருக்கிற இடம்தான். உள்ளே போன மீன் சுவரை ஒட்டியே சுற்றும். வாயோ கூட்டின் நடுவயிற்றுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. எத்தனை சுற்று வந்தாலும் வாயின் பக்கவாட்டில் போகுமே தவிர, அதன் நுனிக்கு நேரே வராது. "ஓரா கல்லு ஓரமாப் போயே பழகினது தாயி. நடு வெளிக்கு வர அதுக்குப் பயம்" என்றார் ஐயா, ஓரா மீனைப் பற்றி. அந்தப் பயத்தைத்தான் அவர் சிம்பால் முடைந்து கொண்டிருந்தார். கலவாவுக்கென்றால் வேறு வாய். கலவா ஒண்டியாகப் பொந்தில் கிடக்கிற மீன். வாய் தாழ்ந்து இருக்க வேண்டும், கூட்டின் மேல் கல்லை ஏற்றி இருட்டுக் காட்ட வேண்டும். ஓராவுக்கு இரை பாசி, கலவாவுக்கு இடித்த நண்டு.

பஸ்ஸில் கடைசி சீட்டில் கூட்டை மடியில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். ஆசிரியர் அதை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா இது கருவி, கலை கிடையாது. இதை வரைஞ்சு எடுத்துட்டு வா, அது கலை" என்றார். கூட்டை வெளியே வராந்தாவில் வைக்கச் சொன்னார். குதிரையும் தண்டட்டியும் உள்ளே மேசையில் இருந்தன.

நான் கூட்டை வரைந்து கொடுத்தேன். நல்ல மதிப்பெண் போட்டார்கள். மீனின் பயமறிந்த ஐயாவின் கைக்குக் கிடைக்காத பெயர், அதைப் பார்த்துக் கோடு போட்ட என் கைக்குக் கிடைத்தது. இருபது வருடம் கழித்தும் அது எனக்கு ஆறவில்லை.

அப்புறம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எது கலை என்ற சண்டையில் எல்லோரும் முதலில் எடுப்பது 1917. மார்செல் துஷாம்ப் என்ற பிரெஞ்சுக் கலைஞர் ஒரு பீங்கான் சிறுநீர்த் தொட்டியில் வேறு பெயரில் கையெழுத்துப் போட்டு, நியூயார்க்கில் ஒரு கண்காட்சிக்கு அனுப்பினார். பணம் கட்டினால் யார் படைப்பையும் வைப்போம் என்று சொன்னவர்களே அதை வைக்கவில்லை. இன்னொன்று எனக்கு அதைவிடப் பிடிக்கும். 1926இல் பிரான்குசி என்ற சிற்பியின் பறவைச் சிற்பம் ஒன்று கப்பலில் நியூயார்க் போய் இறங்கியது. பளபளவென்று உயர்ந்து நிற்கும் வெண்கலம்; இறக்கை கிடையாது, அலகு கிடையாது. கலைப்படைப்புக்கு வரி இல்லை. சுங்கத்தில் அதைச் சமையல் பாத்திரம், ஆஸ்பத்திரிச் சாமான் வகையில் சேர்த்து 40 சதவீதம் வரி போட்டார்கள். வழக்கு நடந்து, கலைதான் என்று 1928இல் தீர்ப்பானது. தீர்ப்புக்கு முந்தின நாளும் மறுநாளும் அந்த வெண்கலம் அதே வெண்கலம்தானே என்று படித்த அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

ஆனால் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ஒரு வலை. 1988இல் சூசன் வோகல் என்பவர் நியூயார்க்கில் ஆப்பிரிக்கப் பொருட்களை வைத்து ஒரு கண்காட்சி நடத்தினார். அதில் ஸாண்டே மக்களின் வேட்டை வலை ஒன்றை, சுருட்டிக் கட்டியபடியே, வெறும் வெள்ளைச் சுவர் அறையில் வைத்தார். அப்படி வைத்தால் பார்க்கிறவருக்கு அது நவீன சிற்பமாகத்தான் தோன்றும். அவர் கேட்க நினைத்த கேள்வியே அதுதான். அந்தக் கண்காட்சிப் புத்தகத்தில் தத்துவ அறிஞர் ஆர்தர் டான்டோ எழுதினார்: அந்த வலை கலை ஆகாது. அவர் பார்வையில், கருவியின் அர்த்தம் அதன் பயனோடு முடிந்துவிடுகிறது. கலைப்பொருள் என்றால் அது எதையாவது பற்றிப் பேச வேண்டும், அந்தப் பேச்சை உடம்பிலேயே தாங்கியிருக்க வேண்டும்.

கிட்டத்தட்ட என் ஆசிரியர் சொன்னதுதான், தத்துவ மொழியில். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எதையாவது பற்றிப் பேச வேண்டும் என்றால், ஐயாவின் கூடு ஓராவைப் பற்றிப் பேசவில்லையா? அது எந்தப் பக்கம் திரும்பும், எதைக் கண்டு ஒதுங்கும், எந்த இருட்டை நம்பும், எல்லாம் அந்த வாயில் இருக்கிறது. மீனையே பார்த்திராத ஒருவர், கூட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஓராவின் குணத்தைப் பாதி சொல்லிவிடலாம்.

1996இல் மானுடவியலாளர் ஆல்ஃபிரட் ஜெல் டான்டோவுக்குப் பதில் எழுதியிருக்கிறார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. பொறி என்பது அதை வைத்தவனின் சாயல், அதில் விழப்போகும் விலங்கின் சாயலும் கூட என்கிறார் ஜெல். வேடன் அங்கே இல்லாதபோதும் அவன் எண்ணம் அங்கே காத்திருக்கிறது. விலங்கு வருவதற்கு முன்பே அதன் பழக்கம் அங்கே வடிவமாக நிற்கிறது. படித்துவிட்டு எழுந்து போய்க் கூட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஐயாவுக்கு இதைப் படித்துக் காட்டியிருக்கலாம் என்று இருந்தது. அவர் அப்போது இல்லை.

கலை வேறு, கைவினை வேறு என்று பிரிப்பது காலாகாலமாக இருக்கிற பிரிவும் இல்லை. இசை, கவிதை, ஓவியம், சிற்பம், நடனம் என்று எடுத்துத் தனியே ‘அழகுக் கலைகள்’ ஆக்கி, ஷார்ல் பத்தூ என்ற பிரெஞ்சுக்காரர் எழுதியது 1746இல். நம்மிடம் ஆயகலைகள் அறுபத்து நான்கு என்கிறோம். அந்தப் பழைய பட்டியல்களில் பாட்டும் நடனமும் மட்டுமா இருக்கின்றன? தச்சு இருக்கிறது, தையல் இருக்கிறது, சமையல் இருக்கிறது, பிரம்பு முடைவதும் இருக்கிறது. கூடு அந்த வரிசையில் உட்கார யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

என் கூட வேலை பார்க்கும் தோழி ஒருத்தி, "அப்படின்னா எலிப்பொறியும் கலையா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. எலி எப்படி மோப்பம் பிடிக்கும், எங்கே தயங்கும் என்று ராத்திரியெல்லாம் பார்த்து முதல் பொறியைச் செய்தவர் கையில் அது கலைதான் என்பேன். அச்சில் அடித்து மூட்டை மூட்டையாக வருவதைப் பற்றி என்னால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இப்போது எங்கள் ஊரிலும் சிம்புக் கூடு போய்விட்டது. இரும்புக் கம்பியில் சட்டம், நைலான் வலை. என் சித்தப்பா மகன் அதைத்தான் கட்டுகிறான். ஆனால் வாய்க்கு வரும்போது அவனும் பேச்சை நிறுத்திவிடுகிறான். கம்பியை வளைத்து, தள்ளி நின்று பார்த்து, மறுபடி வளைக்கிறான். எனக்கு அது போதும். பொருள் எதுவாக இருந்தால் என்ன, தன் உடம்பை விட்டு இன்னொரு உயிரின் உடம்புக்குள் போய் யோசித்த யோசனை அந்தப் பொருளில் தங்கியிருக்கிறதா, தொடுகிறவர் கைக்கு அது தட்டுப்படுகிறதா? தட்டுப்பட்டால் நான் கலை என்பேன். ஓவியத்துக்கும் எனக்கு இதே அளவுகோல்தான். பார்க்கிறவர் கண் எங்கே போகும், எங்கே நிற்கும் என்று தெரியாமல் போட்ட ஓவியம், சட்டம் போட்டு மாட்டினாலும் என்னைப் பிடிப்பதில்லை.

ராமநாதபுரத்துக்குக் கிழக்கே, வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கம், அழகன்குளத்தில் தொல்லியல் துறை தோண்டியபோது கப்பல் கீறிய பானை ஓடு ஒன்று கிடைத்தது. ரோமாபுரியோடு வியாபாரம் நடந்த பழைய துறைமுகம் அது. யார் கீறியது, விளையாட்டுக்கா, நேர்ச்சைக்கா, யாருக்கும் தெரியாது. அந்தக் கீறலின் படத்தை என் வகுப்பில் பெரிதாக்கி ஒட்டியிருக்கிறேன். எந்த மண்டபத்திலும் வைப்பதற்காக அந்தக் கை அதைக் கீறவில்லை. ஆனால் கப்பலைப் பார்த்துப் பழகிய கை.

நான் இப்போது அரசுப் பள்ளியில் பகுதி நேர ஓவிய ஆசிரியை. சனிக்கிழமை பிள்ளைகள் சிலர் வீட்டுத் திண்ணைக்கு வரைய வருவார்கள். போன மாதம் கூட்டை இறக்கிக் கீழே வைத்து, இதை வரையுங்கள் என்றேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், வரைவதை விட்டுவிட்டு வாய்க்குள் கையை விட்டான். முழங்கை வரை சரசரவென்று போய்விட்டது. எடுக்கப் பார்த்தான், வரவில்லை. "டீச்சர், புடிச்சிக்கிருச்சு" என்றான். நான் போவதற்குள் அவனே அசையாமல் கையை வைத்துக்கொண்டு, மறு கையின் விரலைக் கண்களின் வழியே நுழைத்து, ஒவ்வொரு சிம்பு நுனியாகத் தள்ளித் தள்ளி விடுவித்துக்கொண்டான். மணிக்கட்டில் நாலைந்து வெள்ளைக் கோடுகள், தோல் கிழியவில்லை. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

மற்ற பிள்ளைகள் கூட்டை வெளியிலிருந்து பார்த்து, தாளின் நடுவில் வரைந்திருந்தார்கள். அவன் தாளில் கூடு என்று தனியாக எதுவும் இல்லை. நான்கு ஓரத்திலும் கண்கள், கண்களுக்கு அப்பால் வெளிச்சம், நடுவில் அவனை நோக்கி நீட்டிக்கொண்டு வரும் சிம்பு நுனிகள்.