அம்மியில் கீழாநெல்லி

நவம்பர் 9, 2024, சனி
பாளையங்கோட்டை

தம்பிக்கு நாலு நாளாகக் காய்ச்சல், குமட்டல். சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இன்று காலை முற்றத்தில் பல் தேய்த்துக்கொண்டு நின்றவனின் கண்ணைப் பார்த்ததும் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளை விழி முழுக்க மஞ்சள். "ஏட்டி, காமாலைல்லா வந்திருக்கு" என்றபடியே கீழாநெல்லி பறிக்கக் கிளம்பினாள்.

முதலில் ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்போம் என்று நான் நிறுத்தினேன். அம்மாவுக்குக் கோபம். அவள் தம்பிக்கும், அதாவது என் மாமாவுக்கும், இதே இலைதான் குணமாக்கியது என்பாள். இருக்கலாம். ஆனால் காமாலை என்பது அடையாளம்தான். கிருமியாலும் வரும், குடியாலும் வரும், பித்தப்பைக் கல் குழாயை அடைத்தாலும் வரும். எதனால் என்று தெரியாமல் எதைக் கொடுப்பது?

நவம்பர் 10

கண்ணை மஞ்சளாக்குகிற பிலிரூபின் 7.8. கல்லீரல் அடிபட்டால் ரத்தத்தில் ஏறுகிற எஸ்.ஜி.பி.டி. 1,140, நாற்பதுக்குள் இருக்க வேண்டியது. படித்ததும் கை நடுங்கிவிட்டது. கல்லீரலைத் தாக்குகிற கிருமிதான், ஹெபடைட்டிஸ் ஏ. பி வகை இல்லை. ரத்தம் உறைகிற சோதனை சரியாக இருந்ததுதான் பெரிய ஆறுதல். ரத்தத்தை உறைய வைக்கிற புரதங்களில் பெரும்பாலானவற்றைக் கல்லீரல்தான் செய்கிறது. அந்த வேலை இன்னும் நிற்கவில்லை.

ஏ கிருமிக்கென்று தனி மருந்து கிடையாது, ஓய்வும் நீராகாரமும்தான், பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கும் என்றார் டாக்டர். தூக்கம் தலைகீழானாலோ, பேச்சு குழறினாலோ, எங்காவது ரத்தம் கசிந்தாலோ ராத்திரி என்றும் பார்க்காமல் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். இவன் காய்ச்சலுக்குத் தானாகவே பாரசிட்டமால் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அதுவும் கல்லீரல் வழியாகத்தான் போக வேண்டும். இனி கேட்காமல் ஒரு மாத்திரை கிடையாது.

கிருமி உள்ளே போய் இரண்டிலிருந்து ஏழு வாரத்துக்குள் தலைகாட்டுமாம். கணக்குப் பார்த்தால் குலசேகரன்பட்டினம் தசராவுக்குப் போய் வந்து சரியாக நாலு வாரம். கூட்டத்தில் எங்கே என்ன தண்ணீர் குடித்தானோ.

நவம்பர் 11

அம்மாவின் மனசுக்காகச் சித்த மருத்துவரிடம் போனோம். அவர் நாடி பார்க்கும் முன்பே ரிப்போர்ட்டைத்தான் கேட்டார். எனக்கு அங்கேயே நம்பிக்கை வந்துவிட்டது. பச்சைக் கீழாநெல்லி கொடுக்கலாம், அது மட்டும், ஒரு வாரம், அப்புறம் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். உப்பில்லாப் பத்தியம் வேண்டாம், வாந்தி எடுத்து வற்றிய உடம்பு என்றார். அம்மா வாயே திறக்கவில்லை.

சீந்திலும் சேர்க்கலாமா என்று கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றார். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் குடித்த சிலருக்குக் கல்லீரல் வீங்கியதை 2021-ல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மூலிகை என்பதாலேயே தீங்கில்லை என்று ஆகிவிடாது.

கீழாநெல்லி கொடுக்கப்போவதை ஆங்கில மருத்துவரிடமும் சொல்லிவிட்டேன். அவருக்கு அதில் பெரிய உற்சாகம் இல்லை. மறுபரிசோதனையைத் தவறவிடாதீர்கள் என்றார்.

நவம்பர் 12

விடியலில் அம்மாவோடு போனேன். ராத்திரி முழுக்க மழை. "சாக்கடை ஓரத்துல நிக்கிறத தொடாத. வா, வரப்புக்குப் போவோம்" என்றாள். செடி ஒரு சாண்கூட இல்லை. இணுக்கைத் திருப்பிக் காட்டினாள். மேலே இலை வரிசை, அடியில் கடுகை விடக் கொஞ்சம் பெரிதாகப் பச்சை மணிகள் வரிசையாகத் தொங்குகின்றன. கீழ்க்காய் நெல்லி. பக்கத்திலேயே தண்டு சிவந்த இன்னொன்று. நான் அதையும் பிடுங்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

வேர் மண் போக நாலு தண்ணீர் கழுவி, அம்மியில் வெண்ணெய் மாதிரி அரைத்து, நெல்லிக்காய் அளவு உருண்டை. வெறும் வயிற்றில் மோரில் கரைத்துக் கொடுத்தாள். தம்பி கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். அம்மியை வழித்த விரலை நான் நக்கிப் பார்த்தேன். கசப்பு மத்தியானம் வரை நாக்கில் இருந்தது.

நவம்பர் 14

தம்பி தூங்குகிறான். பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பெற்ற புளும்பர்க்கும் சேர்ந்து லான்செட் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை. பி கிருமியை நெடுநாளாகச் சுமந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்திருக்கிறார்கள். 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத போலிப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். படிக்கும்போது நம் வரப்புச் செடிக்கு இப்படி ஒரு இடமா என்று பெருமையாக இருந்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. இரண்டையும் அம்மாவிடம் சொன்னேன். முதல் பாதியைத்தான் அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

நவம்பர் 18

பிலிரூபின் 4.1. எஸ்.ஜி.பி.டி. 310. அம்மா ரிப்போர்ட்டைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

இலையா, ஓய்வா, உடம்பு தன்னைத்தானே பார்த்துக்கொண்டதா? ஏ கிருமி எப்படியும் இறங்கக்கூடியது. அதனால் இலைதான் என்று நான் சொல்ல மாட்டேன். இன்றோடு உருண்டை நிற்கிறது. அடுத்த வாரம் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும்.

ராத்திரி மோர்ச்சோறு இரண்டாம் தடவை வாங்கினான். நார்த்தங்காய் ஊறுகாய் கேட்டான். "அடுத்த ரிசல்ட்டு வரட்டும்ல" என்று அம்மா பரணியை எடுத்து மேல்தட்டில் வைத்துவிட்டாள்.