4294967297ஐக் கொப்பியில் உடைத்துப் பார்த்தேன்

இரண்டின் 32ஆம் வலுவோடு ஒன்றைக் கூட்டினால் 4294967297. இதே அச்சில், இரண்டின் 1, 2, 4, 8, 16ஆம் வலுக்களோடு ஒன்றைக் கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் முதன்மை எண்கள். ஆகவே இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா நம்பினார். 1732இல் ஒயிலர் 641ஆல் வகுத்துக் காட்டி அந்த நம்பிக்கையை முடித்துவைத்தார். விடை தெரிந்ததுதான், ஆனால் கையால் செய்தால் எவ்வளவு வேலை என்று பார்க்க ஆசை.

வீட்டில் உள்ள கல்குலேட்டர் எட்டு இலக்கத்தோடு நின்றுவிடும். வெள்ளவத்தையில் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். “போனில அடிச்சா ஒரு செக்கன்ல வந்திடும், சித்தப்பா” என்றாள் பெறாமகள். வரும்தான்.

2, 3, 5 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போவது விசர் வேலை. 641 என்பது 116ஆவது முதன்மை எண். நல்லவேளை, ஒரு சல்லடை இருக்கிறது. இந்த எண்ணின் காரணி எதுவானாலும் 64ஆல் வகுக்க மீதி 1 வர வேண்டும். அதில் சலித்தால் 641க்கு முன் மிஞ்சுபவை 193, 257, 449, 577. மீதிகள் முறையே 109, 2, 325, 288. ஒன்றும் சரிவரவில்லை.

அப்புறம் 641. 4294இல் ஆறு தடவை, மீதி 448. ஒன்பதை இறக்கினால் 4489, அதில் ஏழு தடவை போக மீதி வெறும் 2. அடுத்த இரண்டு இடத்திலும் பூச்சியம். பிறகு 2672, 1089 என்று போய் மறுபடியும் அதே 448 மீதி! இந்தமுறை இறங்குவது ஏழு: 4487. அது சரியாக 641இன் ஏழு மடங்கு. மிச்சமில்லை. ஈவு 6700417.

இந்த ஈவு முதன்மை எண்ணா? அதன் வர்க்கமூலம் 2588ஐச் சற்றுத் தாண்டும்; அதற்குள் முந்நூற்றறுபதுக்கு மேல் முதன்மை எண்கள் உண்டு. 1878இல் கணிதர் லூக்காஸ் சல்லடையை இன்னும் இறுக்கி 64ஐ 128 ஆக்கியிருந்தார். ஈவின் காரணி எதுவும் 4294967297இன் காரணியும்தான்; ஆகவே அந்தச் சல்லடைப்படி 257, 641, 769, 1153, 1409 மட்டும் பார்த்தால் போதும். மீதிகள் 170, 44, 120, 334, 622. ஆகவே முதன்மை எண்தான்.

4294967297 641ஆல் வகுபடும் என்பதை வகுக்காமலே காட்டவும் வழி உண்டு, எனக்கு அதுதான் அதிகம் பிடித்தது. 641 = 5 × 2⁷ + 1; 641 = 5⁴ + 2⁴. முதலாவதன்படி 5 × 2⁷ஐ 641ஆல் வகுக்க மீதி −1 (அதாவது மடங்குக்கு ஒன்று குறைவு), அதை நான்காம் வலுவுக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸இன் மீதி 1. இரண்டாவதன்படி 5⁴இன் இடத்தில் −2⁴ஐப் போடலாம். −2³²இன் மீதி 1 என்று வருகிறது. எனவே 2³² + 1 மீதியின்றி வகுபடும்.

இந்த அச்சில் அடுத்தது 2⁶⁴ + 1, அதாவது 18446744073709551617. 1880இல் லாண்ட்ரி கண்ட அதன் சிறிய காரணி 274177, அதாவது 256இன் 1071 மடங்கோடு ஒன்று. சல்லடை போட்டாலும் அதுவரை கையால் தேடிப்போக எனக்குப் பொறுமை இல்லை. 274177ஆல் ஒருமுறை வகுத்துச் சரிபார்ப்பதோடு நிறுத்தப்போகிறேன்.