மரையா தீவு, டென்ட் நாட்கள்

ஜனவரி 14
ட்ரையபன்னால ஃபெர்ரி ஏறி மத்தியானம் மரையா தீவுல இருக்கற டார்லிங்டன் வந்தாச்சு. ஆஸ்திரேலியாவோட டாஸ்மேனியா மாநிலத்துக்குக் கிழக்க இருக்கற தீவு, முழுக்க நேஷனல் பார்க், கடை கிடையாது, நம்ம குப்பைய நாமளே திருப்பி எடுத்துட்டுப் போகணும். டென்ட் போட்டு முடிக்கல, அதுக்குள்ள ஒரு வாம்பட் (கங்காரு மாதிரி வயித்துப்பைல குட்டிய வளர்க்கற, வளை தோண்டி வாழற குண்டு விலங்கு) வந்து பக்கத்துலயே புல் மேயுது! ஆள் இருக்கறதையே கண்டுக்கல. இங்க வர்றவங்கள உறுதிமொழி எடுக்கச் சொல்றாங்க, செல்ஃபி ஸ்டிக்கோட துரத்த மாட்டேன், குட்டிகிட்ட நெருங்க மாட்டேன்னு. ரொம்ப நல்ல விஷயம், எல்லா பார்க்லயும் வரணும்.

ஜனவரி 15
காலைல கேப் பாரன் வாத்துங்க, பன்னி மாதிரி உறுமுதுங்க.
போட்டோவுக்கு சாயங்காலம்தான் சரி, எட்டரை வரைக்கும் வெளிச்சம் இருக்கு. புல்லுல படுத்துக்கிட்டு பெரிய லென்ஸ் போட்டு காத்திருந்தேன், ஒரு தாய் வாம்பட் திரும்பி நின்னுச்சு பாருங்க, பின்னங்கால் நடுவுல குட்டி முகம்! அதுக்கு வயித்துப்பை பின்பக்கமா திறந்திருக்கும், வளை தோண்டறப்ப மண்ணு உள்ள போகாது. கடைசி வரைக்கும் அது மேயறத நிறுத்தி தலையத் தூக்கவே இல்ல, போட்டோவ விட அதுதான் எனக்கு சந்தோஷம்.

ஜனவரி 16
நேத்து ராத்திரி டெவில் பாத்தேன்!! டாஸ்மேனியன் டெவில், வயித்துப்பை இருக்கற கறுப்பு மாமிச விலங்கு, நிஜமாவே. ஃப்ளாஷ் அடிக்கல, அதனால கலங்கலான கறுப்பு, நெஞ்சுல வெள்ளைப் பட்டை, அவ்வளவுதான் விழுந்துச்சு, போதும்.
1996-ல முதல்ல கண்டுபிடிச்ச முகப் புற்றுநோய், ஒண்ணை ஒண்ணு கடிச்சே பரவி, டாஸ்மேனியாவுல இருந்த டெவில்ல பாதிக்கு மேல அழிச்சிடுச்சு. அதான் 2012-ல இருந்து நோயில்லாத டெவிலா பாத்து இங்க கொண்டுவந்து விட்டாங்க, நல்லா பெருகிடுச்சு. ஆனா அதுக்கு முன்னாடி இங்க 3,000 ஜோடி லிட்டில் பென்குயின் (உருவத்துல சின்னதான ஒரு பென்குயின் வகை) இருந்துச்சு, 2021-ல ஒண்ணுகூட மிஞ்சலன்னு பேர்ட்லைஃப் டாஸ்மேனியாங்கற பறவைப் பாதுகாப்பு அமைப்பு சொல்லிடுச்சு. தரையில கூடு கட்டற பறவை, டெவில்கிட்ட இருந்து எங்க ஓடும்? டெவில காப்பாத்தினது தப்புன்னு சொல்ல மனசு வரல, ஆனா இந்தத் தீவுல பென்குயினுக்கு ஒரு ஓரமாவது வேலி போட்டுக் காப்பாத்தியிருக்கணும்னு தோணுது. அந்த டெவில் போட்டோவ எங்க போட்டாலும் பென்குயின் விஷயத்தையும் சேர்த்து எழுதித்தான் போடப் போறேன்.